பந்தை விட்டுவிட்டு அவரைப் பாருங்கள்: இளம் நடுக்கள வீரர் ஒருவரைப் பின்தொடர்வது எப்படி

2021 ஜூன் 28. யூரோ கோப்பையில் ஸ்பெயினும் குரோஷியாவும் மோதின. நம் நேரப்படி இரவு ஒன்பதரைக்கே ஆட்டம் தொடங்கிவிட்டதால் அக்கா மகனும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். அவன் முழுதாகப் பார்த்த முதல் கால்பந்து ஆட்டம் அது. இருபதாவது நிமிடத்தில், ஸ்பெயினின் 18 வயது இளைஞர் ஒருவர் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து தன் கோல்கீப்பருக்குப் பந்தைத் திருப்பித் தட்டினார். நாற்பது மீட்டருக்கு மேல் வந்த, யாரும் துரத்தாத பந்து. கோல்கீப்பர் உனாய் சிமோன் அதைக் காலால் நிறுத்தப்போனார். பந்து அவர் காலைத் தாண்டி வலைக்குள் போய்விட்டது.

திரையில் பெயர் வந்தது: பெட்ரி, சேம்சைடு கோல்.

"விட்டது கோல்கீப்பர்தானே மாமா, பழி ஏன் அந்த அண்ணன் தலையில்?" என்று கேட்டான். கணக்குப் புத்தகம் அப்படித்தான் எழுதும் என்றேன். அவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஸ்பெயின் கூடுதல் நேரத்தில் 5-3 என்று வென்றது. மற்ற ஏழு கோல்களையும் அவன் மறந்துவிட்டான், பெட்ரியை மட்டும் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவனுக்கு நான் துண்டுதுண்டாகச் சொன்னவையும், அவன் பார்த்துச் சொல்லி நான் தெரிந்துகொண்டவையும்தான் கீழே இருப்பவை. கோல் அடிப்பவரைப் பின்தொடர வழிகாட்டி தேவையில்லை, தொலைக்காட்சியே காட்டிக்கொடுத்துவிடும். நடுக்களத்தில் ஆடுபவரைப் பின்தொடரத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், ஒரே ஒருவரை

வயது 17 முதல் 20க்குள் இருக்கட்டும். அதைவிட முக்கியம், அவர் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இளைஞரைவிட இரண்டாம் பிரிவு அணியில் வாரந்தோறும் களமிறங்கும் இளைஞர் உங்களுக்கு நல்ல தேர்வு. கடைசிப் பத்து ஆட்டங்களில் எத்தனையில் தொடக்கத்திலிருந்தே ஆடினார் என்று பாருங்கள். ஐந்துக்குக் குறைவாக இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். பார்க்க எதுவும் இல்லாமல் வெறும் செய்திகளைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

பெட்ரியின் தொடக்கமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே அட்லாண்டிக் கடலில் இருக்கும் டெனெரிஃப் தீவில், தெகெஸ்தே என்ற சிறிய ஊரில் 2002 நவம்பர் 25 அன்று பிறந்தவர். முழுப்பெயர் பெட்ரோ கொன்சாலஸ் லோபஸ். தாத்தா அந்த ஊரில் பார்சிலோனா ரசிகர் மன்றத்தையே நிறுவியவர் என்பதால் வீட்டில் வேறு அணிக்கு இடமில்லை. ஆனாலும் முதலில் போய்ப் பார்த்தது ரியல் மாட்ரிட்டின் தேர்வு முகாமுக்கு. பனி கொட்டியதில் பயிற்சி குலைந்தது, தரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரே பேட்டிகளில் சொல்லிய கதை இது. பிறகு பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவின் லாஸ் பால்மாஸ் அணியில் சேர்ந்து, 2019 ஆகஸ்டில், 16 வயதில், ஸ்பெயினின் இரண்டாம் பிரிவில் களமிறங்கினார். அடுத்த மாதமே பார்சிலோனா அவரை வாங்க ஒப்புக்கொண்டது. வாங்கியும் உடனே கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த சீசன் முழுவதும் லாஸ் பால்மாஸிலேயே ஆடட்டும் என்று விட்டுவைத்தது. அந்த ஓராண்டு பார்சிலோனாவின் பெஞ்சில் கழிந்திருந்தால் 2020 செப்டம்பரில் நாம் பார்த்த பெட்ரி வந்திருக்க மாட்டார் என்பது என் கருத்து.

இருவரைச் சேர்த்துப் பின்தொடர வேண்டாம். இரண்டு பேரையும் ஒப்பிடுவதிலேயே நேரம் போய்விடும். ஒருவர், ஒரு முழு சீசன்.

எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நடுக்களம் என்பது ஒரு வேலை அல்ல, மூன்று வேலைகள். தடுப்பு வரிசைக்கு முன்னால் நின்று ஓட்டைகளை அடைப்பவரை 6 என்பார்கள். இரண்டு கோல்களுக்கும் முன்னால் இருக்கும் பெட்டிகளுக்கு நடுவே ஓடியாடிப் பந்தை முன்னே கொண்டுபோகிறவர் 8. முன்கள வீரர்களுக்குச் சற்றுப் பின்னால் நின்று கடைசி பாஸைக் கொடுப்பவர் 10. இவை வேலையின் பெயர்கள். சட்டையில் இருக்கும் எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பெட்ரி பார்சிலோனாவில் 16 என்ற எண்ணோடு தொடங்கி, 2022இல் 8க்கு மாறினார், வேலை மாறவில்லை.

இங்கிலாந்தின் ஜூட் பெல்லிங்ஹாம் பர்மிங்காம் சிட்டியில் 22ஆம் எண் சட்டை அணிந்தார். 4, 8, 10 ஆகிய மூன்று வேலைகளையும் உன்னால் செய்ய முடியும் என்று இளையோர் அணிப் பயிற்சியாளர் சொன்னாராம். மூன்றையும் கூட்டினால் 22. இங்கிலாந்தில் 6க்குப் பதில் 4 என்று சொல்லும் பழக்கம் உண்டு. 17 வயதில் அவர் கிளப்பை விட்டு ஜெர்மனிக்குப் போனபோது, முதல் அணியில் ஒரே ஒரு சீசன் ஆடியவருக்காக அந்த எண்ணையே இனி யாருக்கும் தருவதில்லை என்று பர்மிங்காம் அறிவித்தது. அன்று ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். ரியல் மாட்ரிட் சட்டையில் அவரைப் பார்த்த பிறகு சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

உங்கள் ஆள் மூன்றில் எதைச் செய்கிறார் என்பதை முதல் ஆட்டத்திலேயே முடிவுகட்ட வேண்டாம். இளைஞர்களைப் பயிற்சியாளர்கள் இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஓரத்தில் நிறுத்திவிட்டார்களே என்று பதறவும் வேண்டாம்.

ஆட்டத்தின் முதல் பதினைந்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள்

இந்தப் படிதான் கடினம், மற்றவை இதற்குத் துணை.

பந்து எங்கே போனாலும் சரி, உங்கள் கண் அவர் மேலேயே இருக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் எரிச்சலாக இருக்கும். கண் தானாகப் பந்துக்கு ஓடும், இழுத்துக்கொண்டு வாருங்கள். தொலைக்காட்சிக் கேமரா பந்தைத்தான் துரத்துகிறது என்றாலும், நடுக்கள வீரர் பெரும்பாலும் சட்டகத்துக்குள்ளேயே இருப்பார். முன்கள வீரரைப் பின்தொடர்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

முதலில் கழுத்தைப் பாருங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் அவர் எத்தனை முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணுங்கள். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக வீரர்களைப் படம்பிடித்து இதையே எண்ணிவருகிறார். அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்கள் அதிகம் பலிக்கின்றன என்பது அவர் கண்டது. அக்கா மகன் ஒருநாள் காகிதத்தில் கோடு போட்டு எண்ணினான். பெட்ரியின் பெயருக்குக் கீழே கோடுகள் நிரம்பி வழிந்தன. அதே அணியில் இன்னொருவரின் பெயருக்குக் கீழே நாலைந்துதான். "மாமா, இவர் ரோடு கடக்கிற ஆள் மாதிரியே ஆடுகிறார்" என்றான். நான் அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்து உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது. பந்து தடுப்பாட்டக்காரரிடமிருந்து வருகிறது, எதிராளி ஒருவர் பெட்ரியின் முதுகை நோக்கிப் பாய்ந்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வீரர் பந்தை நேருக்கு நேர் எதிர்கொண்டு, நிறுத்தி, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவார். பெட்ரி பாதி திரும்பிய நிலையில் நிற்பார். பந்து அவரது முன்காலைக் கடந்து பின்காலுக்கு வரும். அந்த முதல் தொடுதலிலேயே பந்தும் உடம்பும் எதிரணியின் கோலைப் பார்த்திருக்கும். பாய்ந்து வந்தவர் வெற்றிடத்தை முட்டிக்கொண்டு போவார். ஒரு நொடியில் முடிந்துவிடும் காரியம். மறுஒளிபரப்பில் காட்டமாட்டார்கள், ஏனென்றால் பார்வைக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் எதிரணியில் ஓர் ஆள் குறைந்துவிட்டார்.

மூன்றாவதாக, அவர் நிதானிப்பதைப் பாருங்கள். ஸ்பெயின்காரர்கள் இதை 'லா பௌசா' என்பார்கள்: பந்தை வைத்துக்கொண்டு அரை நொடி சும்மா இருப்பது. அந்த அரை நொடியில் ஓரத்தில் ஓடும் சக வீரர் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பார், தடுப்பவர் பொறுமையிழந்து ஒரு காலை நீட்டியிருப்பார். வேகமாக ஆடுவதை எந்த இளைஞரும் கற்றுக்கொள்வார். எப்போது வேகத்தைக் குறைப்பது என்பது சிலருக்கே வரும்.

அணி பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடிகளில் அவர் என்ன செய்கிறார் என்பதையும் கவனியுங்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாரா, துரத்துகிறாரா? எவ்வளவு அழகாக பாஸ் கொடுத்தாலும், நிற்பவரைப் பெரிய பயிற்சியாளர்கள் நீண்ட நாள் வைத்துக்கொள்வதில்லை.

பதினைந்து நிமிடம் முடிந்ததும் உங்கள் இஷ்டம்போல் ஆட்டத்தைப் பாருங்கள். இரண்டாம் பாதியில் மறுபடியும் ஒரு பத்து நிமிடம். களைத்த பிறகு கழுத்து திரும்புவது குறைகிறதா என்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பெயினில் இரவு ஒன்பது மணி ஆட்டம் என்றால் நமக்குக் கோடையில் நள்ளிரவு பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. எல்லாவற்றையும் விழித்திருந்து பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். மாதத்துக்கு இரண்டு ஆட்டம் முழுதாகப் பார்த்தால் போதும். ஐந்து நிமிடத் தொகுப்பைப் பார்ப்பது மட்டும் வேண்டாம். நடுக்கள வீரரைப் பொறுத்தவரை அது மாப்பிள்ளையைப் பார்க்காமல் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வருவது போன்றது.

ஒரு நோட்டு போடுங்கள்

பழைய டைரி போதும். தேதி, எதிரணி, எந்தப் போட்டி, தொடக்கத்திலேயே ஆடினாரா மாற்று வீரராக வந்தாரா, எத்தனை நிமிடம் என்று ஐந்து பத்தி. ஆறாவதாக ஒரு பத்தி போடுங்கள்: முந்தைய ஆட்டத்துக்குப் பிறகு எத்தனை நாள். இந்த ஆறாவது பத்தியை யாரும் போடுவதில்லை. ஓர் இளைஞரின் வாழ்க்கைப் பாதையை மற்ற ஐந்தைவிட இதுதான் அதிகம் சொல்கிறது.

பெட்ரியின் 2021 கோடையை அப்படி எழுதிப் பாருங்கள். யூரோ கோப்பையில் ஸ்பெயின் ஆறு ஆட்டங்கள் ஆடியது. அவற்றில் மூன்று, 120 நிமிடம் வரை இழுத்தவை. மொத்தம் 630 நிமிடம். பெட்ரி ஆடியது 629. ஜூலை 6 அன்று இத்தாலியிடம் அரையிறுதியில் தோற்றதும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார். ஜூலை 22 அன்று எகிப்துக்கு எதிராக முதல் ஆட்டம். ஆகஸ்ட் 7 அன்று பிரேசிலுடன் இறுதி, அதுவும் கூடுதல் நேரம் வரை, வெள்ளி. ஆகஸ்ட் 15 அன்று பார்சிலோனாவின் லீக் சீசன் தொடங்கியபோது அவர் களத்தில் இருந்தார். நடுவே எட்டு நாள், அதிலும் ஜப்பானிலிருந்து பயணம். முந்தைய செப்டம்பரிலிருந்து கிளப், நாடு எல்லாம் சேர்த்து 73 ஆட்டங்கள்.

ஒலிம்பிக்குக்கு வீரர்களை விட்டே ஆக வேண்டும் என்று ஃபிஃபா விதி எதுவும் இல்லை. ஆனால் தேசிய அணி அழைத்தால் அனுப்ப வேண்டும் என்கிறது ஸ்பெயின் நாட்டுச் சட்டம். அதனால் கிளப்பால் மறுக்க முடியவில்லை. அன்றைய பயிற்சியாளர் ரொனால்ட் கூமன் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். குறைப்பட்டவர் தாமும் அந்த சீசன் முழுக்க அவரை விடாமல் ஆடவைத்தவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மாதமே வினை வந்தது. செப்டம்பர் 14 அன்று பயர்ன் மியூனிக்குக்கு எதிரான ஆட்டத்தில் இடது தொடையில் காயம். அவசரமாகத் திரும்பி வந்து, அந்த மாத இறுதியில் பென்ஃபிகாவுக்கு எதிராக ஆடியதும் அதே இடத்தில் மறுபடியும். 2022 ஜனவரி வரை ஆளைக் காணவில்லை. ஏப்ரலில் இன்னொரு தொடைத் தசைக் காயம், சீசன் முடிந்தது. 2021ஆம் ஆண்டின் சிறந்த இளம் வீரருக்கான கோபா விருது, கோல்டன் பாய் விருது இரண்டும் வீட்டுக்கு வந்த நேரத்தில் அவர் காலுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்.

இந்த நோட்டில் நான் வைத்திருக்கும் சொந்த விதி: ஆறாவது பத்தியில் நான்குக்குக் குறைவான எண் தொடர்ந்து ஐந்து முறை வந்தால் சிவப்பு மையால் வட்டம் போடுவேன். மருத்துவம் தெரிந்து போட்ட விதி அல்ல. ஆனால் வட்டம் விழுந்த பிறகு வரும் காயச் செய்தி எனக்கு அதிர்ச்சி தருவதில்லை.

காயச் செய்தியைப் படிக்கும் முறை

தொடைத் தசை என்றால் பொதுவாக வாரக்கணக்கு. முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் நாரான லிகமெண்ட் முழுதாக அறுந்தால் மாதக்கணக்கு. பெட்ரியின் சக வீரர் காவி 2023 நவம்பர் 19 அன்று ஜார்ஜியாவுக்கு எதிராக ஆடும்போது அப்படித்தான் விழுந்தார். மறுபடியும் களத்தில் கால் வைத்தது 2024 அக்டோபர் 20 அன்று, பதினோரு மாதம் கழித்து.

எத்தனை வாரம் என்பதைவிட, அதே தசையா என்று பாருங்கள். புதிய இடத்தில் காயம் என்றால் துரதிர்ஷ்டமாக இருக்கலாம். அதே இடத்தில் மறுபடியும் என்றால் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு நிமிடங்கள் 15, 30, 60 என்று ஏறுகின்றனவா, அல்லது வந்த கையோடு 90 போட்டுவிட்டார்களா என்பதையும் நோட்டில் பாருங்கள். ஹான்சி ஃப்ளிக் பயிற்சியாளராக வந்த 2024-25 சீசனில் பெட்ரி கிளப்புக்காக மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார், லீக் பட்டத்தையும் வென்றார். உடற்பயிற்சி முறையும் மாறியிருந்தது, அவர் உடம்பும் பையன் உடம்பிலிருந்து ஆள் உடம்பாகியிருந்தது. நிறைய ஆட்டங்கள் என்றாலே கேடு என்று நான் சொல்லவரவில்லை. 18 வயது வேறு, 22 வயது வேறு.

எண்களை எவ்வளவு நம்பலாம்

கோலும், கோலுக்கு முந்தைய கடைசி பாஸான அசிஸ்டும் நடுக்கள வீரருக்குப் போதாத அளவுகோல். பார்சிலோனாவில் முதல் சீசனில் பெட்ரி அடித்த கோல்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதே ஆண்டில்தான் அந்த விருதுகளும் வந்தன.

பாஸ் சதவீதத்தையும் அப்படியே விழுங்காதீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கே தட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் 95 வரும். ஆனால் இத்தாலிக்கு எதிரான அந்த அரையிறுதியில் 120 நிமிடத்தில் பெட்ரி கொடுத்த 66 பாஸ்களில் 65 சேர வேண்டியவரிடம் சேர்ந்தன. அதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அவற்றில் பல இத்தாலியின் தடுப்பு வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடையில், காற்று புகாத இடத்தில் கொடுக்கப்பட்டவை. எண்ணைப் பார்த்ததும் "எங்கிருந்து, எதை நோக்கி?" என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள். பெட்ரியின் பெயரில் ஏட்டில் ஏறிய அந்த சேம்சைடு கோல் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

பணம், கையெழுத்து, பதிவு

விலைச் செய்திகளில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். பெட்ரிக்குப் பார்சிலோனா ஒப்புக்கொண்ட அடிப்படைத் தொகை 50 லட்சம் யூரோ. அவர் ஆட ஆடக் கூடுதல் தொகைகள் சேரும் என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு. 2023இல் பெல்லிங்ஹாமுக்கு ரியல் மாட்ரிட் கொடுத்தது 10.3 கோடி யூரோ, அதற்கு மேல் நிபந்தனைத் தொகைகள். ஆகவே செய்தியில் ஒரு தொகையைப் பார்த்தால் அது நிச்சயத் தொகையா, எல்லா நிபந்தனையும் நிறைவேறினால் வரக்கூடிய தொகையா என்று பிரித்துப் பாருங்கள்.

2021 அக்டோபரில் பெட்ரி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை, அதாவது ஒப்பந்தம் முடியும் முன்பே அவரை அழைத்துப்போகக் கட்ட வேண்டிய தொகை, நூறு கோடி யூரோ. 2025 ஜனவரியில் 2030 வரை நீட்டித்தபோதும் அதேதான். இது அவருடைய விலை அல்ல; "தொடாதே" என்று மாட்டிய பலகை. 2017இல் பார்சிலோனாவின் நெய்மாருக்காகப் பாரிஸ் அணி 22.2 கோடி யூரோ விடுவிப்புத் தொகையை அப்படியே கட்டி அழைத்துப்போன பிறகு, பார்சிலோனா பலகையில் இன்னும் அதிகச் சுழியங்களை எழுதியது.

கையெழுத்து வேறு, லீக்கில் பதிவு வேறு. ஸ்பெயின் லீக்கில் ஒவ்வொரு கிளப்புக்கும் செலவு வரம்பு உண்டு. அதை மீறினால் ஒப்பந்தம் இருந்தும் வீரர் பதிவாகமாட்டார். 2024 கடைசி நாளோடு பார்சிலோனா வீரர் டானி ஓல்மோவின் பதிவு காலாவதியாகி, ஜனவரியில் அரசின் விளையாட்டு ஆணையம் தற்காலிகமாகத் தலையிட்ட பிறகே அவரால் ஆட முடிந்தது. "சேர்ந்துவிட்டார்" என்று படித்தால் பதிவாகிவிட்டதா என்று ஒருமுறை தேடுங்கள்.

இன்னொன்று, எனக்குப் பிடித்த விதி. ஒரு வீரர் நாடு விட்டு நாடு மாறும்போது தொகையில் 5 சதவீதம் வரை அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25, அதன் பிறகு 0.5 சதவீதம். பெல்லிங்ஹாம் ஜெர்மனியிலிருந்து ஸ்பெயினுக்குப் போனபோது பர்மிங்காமின் கல்லாவிலும் சில்லறை விழுந்தது இதனால்தான்.

தேசிய அணி

ஆண்டில் சில முறை நாட்டு அணிக்கான இடைவெளிகள் வரும். கிளப்புக்கு ஓய்வு, உங்கள் ஆளுக்கு இல்லை. நோட்டில் வேறு நிற மையால் எழுதுங்கள். 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு அழைத்தார்களா, மூத்தோர் அணிக்கா என்பதையும் குறியுங்கள்.

2024 யூரோவின் போது நோட்டு அக்கா மகனின் பொறுப்பில் இருந்தது. ஜூலை 5, ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மனியுடன் காலிறுதி, நமக்கு மறுபடியும் இரவு ஒன்பதரை. ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே டோனி க்ரூஸ் மோதியதில் பெட்ரியின் முழங்கால் போனது. நொண்டிக்கொண்டு வெளியேறினார், ஓல்மோ உள்ளே வந்தார், அந்த ஓல்மோவே பிறகு ஸ்பெயினின் முதல் கோலையும் அடித்தார். பையன் எதுவும் பேசாமல் நிமிடப் பத்தியில் 8 என்று எழுதினான். அரையிறுதிக்கு 0, ஸ்பெயின் கோப்பை வென்ற இறுதிக்கு 0. காயம்பட்ட வீரரின் பக்கத்தையும் இப்படித்தான் நிரப்ப வேண்டும், காலியாக விடக்கூடாது. எத்தனை சுழியத்துக்குப் பிறகு அடுத்த எண் வருகிறது என்று எண்ணத்தானே போகிறீர்கள்.